சுவிட்சை அணைத்தால்தான் பிளக்கில் கரண்ட் வருகிறதா? பிளக் பாயிண்ட் கோளாறுகளைக் கண்டுபிடிக்கும் வழி

பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் கூப்பிட்டு அனுப்பினார். "தம்பி, பூஜை ரூம்ல லைட்டை அணைச்சாத்தான் போன் சார்ஜ் ஏறும். லைட்டைப் போட்டா நின்னுடும். இத்தனை வருஷமா அப்படித்தான் ஓட்டிக்கிட்டு இருந்தோம். இப்போ எல்இடி பல்பு மாத்துனதுல இருந்து சார்ஜும் ஏறல, பல்பும் மினுக்கு மினுக்குனு மின்னுது. பல்பு மட்டமோ?" பல்பில் ஒரு குறையும் இல்லை. எப்போதோ யாரோ அந்த லைட் சுவிட்ச் பாக்ஸிலேயே ஒரு பிளக் பாயிண்டைச் சேர்த்திருக்கிறார்கள். அன்று நடந்த தப்பு, குண்டு பல்பு மாட்டியிருந்தவரை பெரிதாகத் தெரியவில்லை. அது என்ன தப்பு என்பதைக் கீழே சொல்கிறேன்.

நம் ஊர் வீடுகளில் அநேகமாக ஒவ்வொரு பிளக் பாயிண்டுக்கும் ஒரு சுவிட்ச் உண்டு. வயரிங்கும் எளிதுதான். ஆனால் கோளாறு என்று வந்தால் பாதிப் பேர் டெஸ்டரை வைத்துப் பார்த்து, "கரண்ட் வருது, மிஷின்லதான் கோளாறு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். கரண்ட் வந்தால் மட்டும் போதாது, திரும்பிப் போகவும் வழி வேண்டும். நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பாலானவை அந்தத் திரும்பும் வழியில், அதாவது நியூட்ரலில் இருந்தவைதான்.

கை வைக்கும் முன்

மெயினை இறக்குங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணையுங்கள். இதைத்தான் பலர் மறக்கிறார்கள். மெயினை இறக்கியதும் கரண்ட் போய்விட்டது என்று இன்வெர்ட்டர் நினைத்துக்கொண்டு, தன் பங்குக்கு 230 வோல்ட்டை லைட் லைனில் அனுப்பிவிடும். ஒரே சுவிட்ச் போர்டில் ஃபேனும் லைட்டும் இன்வெர்ட்டர் லைனிலும், பிளக் பாயிண்ட் மட்டும் மின்வாரியத்திலிருந்து நேரே வரும் ஈபி லைனிலும் இருப்பது சர்வ சாதாரணம். ஆகவே போர்டைக் கழற்றியதும் எல்லா முனைகளிலும் ஒருமுறை டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே விரலை விடுங்கள். அந்த டெஸ்டர் வேலை செய்கிறதா என்று, மெயினை இறக்கும் முன்பே கரண்ட் இருக்கும் வேறொரு இடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒன்று. கரண்டோடு போர்டுக்குள் வேலை பார்த்துப் பழக்கமில்லாதவர்கள், கீழே சொல்வதில் வெளியிலிருந்து பார்க்கக்கூடியதை மட்டும் பார்த்து, மற்றதை லைசென்ஸ் உள்ள வயர்மேனிடம் விடுங்கள். "இந்த இந்த அறிகுறி இருக்கிறது" என்று தெளிவாகச் சொன்னாலே அவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

ஒழுங்கான வயரிங் எப்படி இருக்கும்

கரண்டைக் கொண்டுவரும் ஃபேஸ் வயர் முதலில் சுவிட்சின் ஒரு முனைக்கு வரும். அடுத்த முனையிலிருந்து பிளக்கின் வலது துளைக்குப் போகும். நியூட்ரல் சுவிட்சைத் தொடாமல் நேரே இடது துளைக்கு. கசியும் கரண்டைத் தரைக்குக் கொண்டுபோகும் எர்த்தும் நேரே, மேலே இருக்கும் பெரிய துளைக்கு. வலது, இடது என்பதெல்லாம் பிளக்கை நேருக்கு நேர் நின்று பார்க்கும்போது. நம் வீடுகளில் ஃபேஸுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம், நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை என்பது வழக்கம். ஆனால் கையிருப்பில் தீர்ந்துபோன நிறத்துக்குப் பதிலாக இருப்பதை இழுத்துவிட்டுப் போகும் ஆட்களும் உண்டு என்பதால் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள்.

டெஸ்டரோடு கூட ஒரு டெஸ்ட் லாம்ப் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஹோல்டரில் 40 வாட் குண்டு பல்பு, அதிலிருந்து இரண்டு வயர், நுனியில் ஒழுங்காக இன்சுலேஷன் போட்ட முனைகள். இதே மாதிரி மூன்று பின் பிளக் மாட்டியதும் ஒன்று இருந்தால் இன்னும் வசதி. இப்போது வரும் பல பிளக்குகளில் குழந்தைகள் கம்பி விடாமல் இருக்க உள்ளே ஷட்டர் இருக்கிறது. சிலவற்றில் எர்த் பின் நுழைந்தால்தான் கீழ்த் துளைகள் திறக்கும், டெஸ்டர் உள்ளே போகாது. எல்இடி பல்பில் டெஸ்ட் லாம்ப் செய்யாதீர்கள். கூட ஓடும் வயரிலிருந்து கசியும் பொய் வோல்ட்டேஜுக்கே அது மங்கலாக எரிந்து ஏமாற்றும். டிஜிட்டல் மீட்டரும் அப்படித்தான், எதிலும் சேராமல் தொங்கும் வயரில் 70, 80 வோல்ட் என்று காட்டும். குண்டு பல்பு ஏமாறாது.

சுவிட்ச் ஆஃபில் இருந்தால் பிளக் வேலை செய்கிறது, போட்டால் நிற்கிறது

அக்கா வீட்டுக் கோளாறு இதுதான். லைட்டுக்கு மட்டும் போட்ட சுவிட்ச் பாக்ஸில் பல சமயம் இரண்டே வயர்தான் இருக்கும். ஒன்று வருகிற ஃபேஸ். மற்றது சுவிட்சிலிருந்து பல்புக்குப் போகிற வயர். நியூட்ரல் மேலேயே பல்புக்குப் போய்விட்டிருக்கும், பாக்ஸுக்குள் வந்திருக்காது. பிளக் சேர்க்க வந்தவர் இரண்டு வயரைப் பார்க்கிறார். ஒன்றில் டெஸ்டர் எரிகிறது, மற்றதில் எரியவில்லை. சரி, எரியாதது நியூட்ரல் என்று முடிவுகட்டி, சுவிட்சின் இரண்டு முனைகளிலிருந்தும் பிளக்குக்கு வயர் கொடுத்துவிடுகிறார்.

இப்போது சார்ஜரின் கரண்ட் எப்படித் திரும்பும்? பல்பு வழியாகத்தான். சுவிட்ச் ஆஃபில் இருக்கும்போது சார்ஜரும் பல்பும் சீரியலில், அதாவது ஒரே பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கின்றன. குண்டு பல்பின் இழை சூடாகாத நிலையில் வெறும் கம்பி மாதிரி, சார்ஜருக்கு வேண்டிய சின்னக் கரண்டைத் தடுக்காது. அதனால் பல்பு எரியாமலே போன் சார்ஜ் ஏறியது. சுவிட்சைப் போட்டதும் பிளக்கின் இரண்டு துளைகளும் சுவிட்ச் வழியாக ஒன்றாகிவிடும், வோல்ட்டேஜ் சுழி. சார்ஜ் நின்றுவிடும். எல்இடி பல்பு மாட்டியதும் இந்த ஏற்பாடு குலைந்தது. எல்இடிக்குள் இருக்கும் டிரைவர் சர்க்யூட்டும் சார்ஜரும் ஒன்றையொன்று பட்டினி போட்டு, இரண்டும் விட்டுவிட்டு உயிர்பெற்றுச் சாகின்றன. அதுதான் அந்த மினுக்கு.

சோதனை: ஹோல்டரிலிருந்து பல்பைக் கழற்றுங்கள். பிளக் அடியோடு செத்துவிட்டால் சந்தேகமே வேண்டாம், சீரியல்தான். இதற்குச் சுருக்குவழி எதுவும் இல்லை. பாக்ஸுக்கு நியூட்ரல் இழுத்தாக வேண்டும், எர்த்தும் வேண்டும். அக்கா வீட்டில் ஹால் போர்டிலிருந்து அந்தப் பைப்பிலேயே இடம் இருந்ததால் கறுப்பும் பச்சையும் கோத்து இழுத்துவிட்டோம். அரை நாள் வேலை. பைப்பில் இடம் இல்லையென்றால் கேசிங் பட்டை அடித்து வெளியே கொண்டுவரலாம், பார்க்கச் சுமாராக இருக்கும், அவ்வளவுதான். நியூட்ரல் கிடைக்கவில்லை என்று எர்த் வயரையே நியூட்ரலாக்கி ஓட்டுவதைச் சிலர் சாமர்த்தியம் என்று நினைக்கிறார்கள். எர்த் எங்காவது விட்டுப்போனால் வீட்டிலிருக்கும் ஃபிரிட்ஜ், கிரைண்டர், வாஷிங் மிஷின் உடம்பெல்லாம் ஃபேஸாகிவிடும்.

லைட்டைப் போட்டால்தான் பிளக்கிலும் கரண்ட்

இது ஆபத்து இல்லை, இடைஞ்சல். பிளக்குக்கான ஃபேஸை, சுவிட்சுக்கு வரும் முனையிலிருந்து எடுக்காமல், பல்புக்குப் போகும் முனையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஒரே சுவிட்சில் லைட்டும் பிளக்கும் ஓட வேண்டும் என்று நீங்களே கேட்டிருந்தால் (வாசல் லைட்டோடு சீரியல் செட்டும் சேர்ந்து எரிய வேண்டும் என்பது போல) அதுவே சரியான வயரிங். வேண்டாமென்றால் வயரை வருகிற முனைக்கு மாற்றி, பிளக்குக்குத் தனிச் சுவிட்ச் கொடுத்தால் முடிந்தது.

டெஸ்டர் எரிகிறது, ஆனால் எதுவும் ஓடவில்லை

நியூட்ரல் விட்டுப்போயிருக்கிறது. உறுதி செய்ய ஒரு வழி. போர்டில் இரண்டு பிளக் இருந்தால் ஒன்றில் ஏதாவது ஒரு சாமானைச் செருகி, சுவிட்சைப் போட்டுவிட்டு, இன்னொன்றின் இடது துளையில் டெஸ்டர் வையுங்கள். இடதிலும் எரிந்தால், ஃபேஸ் அந்தச் சாமான் வழியாகப் புகுந்து நியூட்ரல் வயரில் போக வழியில்லாமல் நிற்கிறது என்று அர்த்தம். சாமானைப் பிடுங்கினால் இடது துளை அணைந்துவிடும். இதைப் பார்த்துவிட்டு "ரெண்டு ஃபேஸ் வருது" என்று பயப்படுவார்கள். இருப்பது ஒரே ஃபேஸ்தான், இரண்டு இடத்தில் தெரிகிறது. இந்த நிலையில் கறுப்பு வயரும் ஷாக் அடிக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

விட்டுப்போன இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? நியூட்ரல் ஒரு போர்டிலிருந்து அடுத்த போர்டுக்கு லூப்பாகத்தான் போகும். வரிசையில் கடைசியாக உயிரோடு இருக்கும் போர்டு எது, முதலில் செத்திருக்கும் போர்டு எது என்று பாருங்கள். கோளாறு அநேகமாக அந்த இரண்டில் ஒன்றுக்குள் இருக்கும், சுவருக்குள் வயர் அறுவது அபூர்வம். ஒரு முனையில் மூன்று நான்கு கறுப்பு வயர்களைத் திணித்து முறுக்கியிருப்பார்கள், ஒன்று நழுவியிருக்கும். சில சமயம் ஸ்குரூ இன்சுலேஷன் மேலேயே இறுகியிருக்கும். பார்வைக்கு வயர் கெட்டியாக நிற்கும், செம்புக்கும் பித்தளைக்கும் தொடுப்பே இருக்காது. ஒவ்வொரு வயரையும் பிடித்து லேசாக இழுத்துப் பாருங்கள்.

இதற்கு ஒரு தம்பி இருக்கிறான்: போர்டில் இருக்கும் இண்டிகேட்டர் விளக்கு நன்றாக எரிகிறது, போன் சார்ஜ் ஏறுகிறது, ஆனால் அயர்ன் பாக்ஸ் மட்டும் சூடாகவில்லை. முனை முழுதாக விட்டுப்போகவில்லை, முடியளவு தொடுப்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இண்டிகேட்டருக்கு அதுவே போதும். 1000 வாட் அயர்ன் பாக்ஸுக்கு 4 ஆம்பியருக்கு மேல் வேண்டும், அந்தத் தொடுப்பு தாங்காது. இந்தக் கோளாறை டெஸ்ட் லாம்ப்கூடச் சில சமயம் பிடிக்காது. அயர்ன் பாக்ஸை ஓடவிட்டுக்கொண்டே பக்கத்துப் பிளக்கில் மீட்டர் வைத்தால், 230 காட்டியது 150க்கு இறங்குவதைப் பார்க்கலாம். தொடுப்பு அந்தப் பக்கத்துப் பிளக்குக்கும் பொதுவான இடத்தில் இருந்தால்தான் இது தெரியும். இல்லையென்றால் போர்டைக் கழற்றி முனை முனையாகத்தான் போக வேண்டும்.

சுவிட்சை அணைத்தும் டெஸ்டர் எரிகிறது

பிளக்கில் டெஸ்ட் லாம்பைச் செருகிச் சுவிட்சைப் போட்டு அணைத்துப் பாருங்கள். அணைத்தும் லாம்ப் எரிந்தால், சுவிட்சின் உள் காண்டாக்ட் உருகி ஒட்டிக்கொண்டது, அல்லது பிளக்குக்கு நேர் ஃபேஸ் வருகிறது. சுவிட்சை மாற்றிப் பாருங்கள். லாம்ப் அணைகிறது, ஆனால் துளையில் டெஸ்டர் எரிகிறது என்றால் சுவிட்ச் நியூட்ரலில் மாட்டப்பட்டிருக்கிறது. வெளியே பார்த்தால் எல்லாம் ஒழுங்காக ஓடுவது போலவே இருக்கும், அதனால்தான் வருடக்கணக்கில் யாரும் கவனிப்பதில்லை. மிக்ஸியின் சுவிட்சை அணைத்துவிட்டோம் என்று ஈரக்கையோடு பிளக்கைப் பிடுங்கும்போது உள்ளே முழு ஃபேஸ் காத்திருக்கும். போர்டுக்குள் இரண்டு வயரையும் இடம் மாற்றினால் சரியாகிவிடும். ஒரு போர்டில் இப்படி இருந்தால், வீட்டுக்கு வரும் கரண்ட் லைன் லைனாகப் பிரியும் டிபி பாக்ஸிலேயே அந்த லைன் மாறியிருக்கக்கூடும், மற்ற போர்டுகளையும் சோதித்துவிடுங்கள்.

சுவிட்சைப் போட்டதும் எம்சிபி விழுகிறது

எம்சிபி என்பது ஷார்ட் ஆனாலோ லோடு மிஞ்சினாலோ தானே விழுந்து கரண்டை நிறுத்தும் சுவிட்ச். எவ்வளவு நேரத்தில் விழுகிறது என்பதில்தான் விஷயம். பிளக்கில் எதுவுமே இல்லாமல், போட்ட நொடியில் டப்பென்று விழுந்தால் வயரிங்கில் ஷார்ட். புதிதாக வேலை செய்தவர்கள் செய்யும் தப்பு ஒன்று உண்டு: சிவப்பும் கறுப்பும் வருகிறது, சுவிட்சில் இரண்டு முனை இருக்கிறது, ஒன்றுக்கு ஒன்று மாட்டிவிடுவார்கள். சுவிட்சைப் போட்டதும் ஃபேஸும் நியூட்ரலும் நேருக்கு நேர் சந்திக்கும். தப்பு இல்லாத வயரிங்கிலும், போர்டை மூடும்போது ஸ்குரூ ஒரு வயரைக் கிழித்து மெட்டல் பாக்ஸோடு சேர்த்துவிடலாம்.

சாமானைச் செருகினால்தான் உடனே விழுகிறது என்றால் அந்தச் சாமானில் ஷார்ட். நன்றாக ஓடிக்கொண்டிருந்து கொஞ்ச நேரம் கழித்து விழுந்தால் லோடு அதிகம். 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு 8.7 ஆம்பியர் இழுக்கும். லைட் லைனில் இருக்கும் 6 ஆம்பியர் எம்சிபி விழுவது அதன் கடமை. எம்சிபி அடிக்கடி விழுகிறது என்று 16, 20 ஆம்பியருக்கு மாற்றாதீர்கள். லைட் லைனில் போகும் 1 அல்லது 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் அப்புறம் ஃபியூஸ் வேலை பார்க்கும், சுவருக்குள்ளேயே.

எம்சிபி நிற்கிறது, ஈஎல்சிபி விழுகிறது

வீடுகளில் போடும் ஈஎல்சிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர். ஃபேஸில் போனது நியூட்ரலில் அதே அளவு திரும்புகிறதா என்று கணக்குப் பார்ப்பதுதான் அதன் வேலை. லைட் சுவிட்சில் பிளக்கைச் சேர்த்த பிறகு இது ஆரம்பித்திருந்தால் நான் முதலில் கேட்கும் கேள்வி: ஃபேஸ் எங்கிருந்து எடுத்தீர்கள், நியூட்ரல் எங்கிருந்து எடுத்தீர்கள்? லைட் சுவிட்சிலிருந்து ஃபேஸ், பக்கத்துப் பிளக்கிலிருந்து நியூட்ரல் என்று எடுத்திருந்தால், லைட் லைன் ஈஎல்சிபிக்கு வெளியே இருக்கும் வீட்டில் கணக்கு இடிக்கும். 40 வாட் பல்பே 170 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அத்தனையும் ஒரு கணக்கில் போய் வேறு கணக்கில் திரும்பினால் ஈஎல்சிபி சும்மா இருக்காது. அடையாளம்: சுவிட்சை மட்டும் போட்டால் விழாது, எந்தச் சாமானை ஓட்டினாலும் விழும், அது புத்தம்புதுசாக இருந்தாலும். ஃபேஸ் எந்த லைனோ நியூட்ரலும் அதே லைனில் எடுங்கள். இன்வெர்ட்டர் வைத்த கையோடு இந்தத் தொல்லை தொடங்கினாலும் இதே கலப்படம்தான்.

ஒரு குறிப்பிட்ட சாமானுக்கு மட்டும் விழுந்தால் அதில் லீக்கேஜ். ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் விழுந்தால், மொட்டைமாடித் தண்ணீர் பைப் வழியாக எந்த பாக்ஸுக்குள் இறங்குகிறது என்று தேடுங்கள்.

சுவிட்ச் சுடுகிறது, கருகல் வாடை

உடனே நிறுத்துங்கள். போடும்போது உள்ளே ஒரு சின்னப் பொறி தெரிவது சகஜம், அதற்குப் பயப்பட வேண்டாம். தொடர்ந்து கரகரவென்று சத்தம் வந்தால், பிளாஸ்டிக் மஞ்சளடித்திருந்தால், பயப்படுங்கள்.

காரணம் இரண்டு. ஒன்று, லூஸ் காண்டாக்ட். கருகிய செம்பை வெட்டித் தள்ளி, பளிச்சென்று புதுச் செம்பு வரும்வரை சீவி, நுனியை மடித்து முறுக்கி உள்ளே விட்டு ஸ்குரூவை இறுக்குங்கள். இழைகளில் நாலைந்தை வெட்டிவிட்டு மீதியை நுழைக்கும் வழக்கம் வேண்டாம். இரண்டு, பொருந்தாத சுவிட்ச். லைட் சுவிட்ச் 6 ஆம்பியருக்கானது. அதற்குப் பின்னால் 16 ஆம்பியர் பிளக்கை மாட்டி ஹீட்டர் ஓட்டினால் பிளக் தாங்கும், சுவிட்ச் தாங்காது. சாதாரண 1500 வாட் கெட்டிலே 6.5 ஆம்பியர். பெரிய பிளக்குக்கு 16 ஆம்பியர் சுவிட்ச், டிபி பாக்ஸிலிருந்து தனியாக 2.5 அல்லது 4 சதுர மில்லிமீட்டர் வயர். கருகிய சுவிட்சையும் பிளக்கையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் திரும்ப மாட்டுவதில் பயனில்லை, உள்ளே பித்தளையின் ஸ்பிரிங் போய்விட்டிருக்கும்.

கீழே தட்டினால் அணைகிறது, மேலே தட்டினால் எரிகிறது

கடைக்காரர் டூவே சுவிட்சை (மாடிப்படி லைட்டை இரண்டு இடத்திலிருந்து போட்டு அணைக்கப் பயன்படுவது) கொடுத்துவிட்டார். மூன்று முனை இருக்கும், நடுவில் இருப்பது பொது. அதையும் ஓரத்தில் ஒன்றையும் எடுக்க வேண்டும். தலைகீழாக வேலை செய்தால் மற்ற ஓரத்துக்கு மாற்றுங்கள். இரண்டு ஓரங்களிலும் மாட்டியிருந்தால் எப்படித் தட்டினாலும் எரியாது.

ஓடுகிறது, ஆனால் தொட்டால் சுள்ளென்கிறது

எர்த் வரவில்லை. டெஸ்ட் லாம்பை வலது துளைக்கும் மேல் துளைக்கும் இடையில் வையுங்கள். நன்றாக எரிந்தாலோ, எரியும் முன் ஈஎல்சிபி விழுந்தாலோ எர்த் இருக்கிறது. மங்கலாக எரிந்தாலும், எரியாவிட்டாலும் இல்லை. போர்டைக் கழற்றினால் மேல் முனையும் இடது முனையும் ஒரு துண்டு வயரால் இணைக்கப்பட்டிருப்பதைச் சில வீடுகளில் பார்க்கலாம். எர்த் இல்லாத குறையை நியூட்ரலை வைத்து மறைத்திருக்கிறார்கள். இந்த இணைப்பு இருந்தால் லாம்பும் நன்றாகவே எரியும், ஆகவே கண்ணாலும் பாருங்கள். அந்தத் துண்டை முதலில் வெட்டுங்கள். நியூட்ரல் விட்டுப்போன அன்று வாஷிங் மிஷின் உடம்புக்கு ஃபேஸ் வருவது இந்தத் துண்டு வழியாகத்தான்.

சில லைட் கண்ணைக் கூசுகிறது, சில மங்குகிறது

சுவிட்ச் போர்டைத் தொடவே வேண்டாம். கம்பத்திலிருந்தோ மீட்டருக்கு முன்போ நியூட்ரல் போயிருக்கலாம். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 300க்கு மேலும் வரக்கூடும், டிவியும் ஃபிரிட்ஜும் நிமிடத்தில் போய்விடும். மெயினை இறக்கிவிட்டு தமிழ்நாடு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987க்குக் கூப்பிட்டு, "நியூட்ரல் போயிருக்கிறது" என்று அந்த வார்த்தையையே சொல்லுங்கள். அவர்கள் சரிசெய்த பிறகு, வீட்டில் எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிட்டு மெயினைத் தூக்கி, ஒரே ஒரு குண்டு பல்பை மட்டும் எரியவிட்டுப் பாருங்கள். அந்த டெஸ்ட் லாம்பே போதும்.